எலுமிச்சை இனித்தது, அல்வா ஆகவில்லை

சில மாதங்களுக்கு ஒருமுறை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்துவிடும். ஒரு செடி, அதில் கோவைப்பழத்தைவிடச் சின்னதாகச் சிவப்புப் பழங்கள், கீழே ஆச்சரியக்குறிகளோடு நாலு வரி. ஆப்பிரிக்காவின் அதிசயப் பழம். இதைத் தின்றுவிட்டு எலுமிச்சையைக் கடித்தால் தேனாக இனிக்கும். சர்க்கரை கம்பெனிகள் உலகத்துக்குத் தெரியாமல் அமுக்கிவைத்த ரகசியம். சர்க்கரை நோயாளிகள் உள்ள எல்லாக் குழுவுக்கும் பகிரவும். இந்த மாதிரி செய்திகள் முழுப் பொய்யாக இருந்தால் நிம்மதியாகத் தள்ளிவிட்டுப் போய்விடலாம். இதில் முதல் இரண்டு வரி அப்பட்டமான உண்மை, மூன்றாவது வரியில் பாதி உண்மை, நாலாவது வரிதான் வம்பு. அதனால்தான் இது என் மண்டையைவிட்டுப் போகாமல் குடைந்துகொண்டே இருந்தது.

மிராக்கிள் ஃப்ரூட் என்று நர்சரிகளில் கேட்டால் இப்போது எடுத்துக் கொடுக்கிறார்கள். மாடித்தோட்டக்காரர்கள் நடுவே அதற்கு ஒரு மவுசு உண்டு. சப்போட்டா, மகிழம், இலுப்பை எல்லாம் இருக்கும் அதே சப்போட்டேசியே குடும்பம்தான். சரி, செடியை விட்டுவிட்டு முதலில் அந்த மூன்றாவது வரிக்கு வருவோம்.

அந்தக் கதை இப்படி. 1960களில் ராபர்ட் ஹார்வி என்ற அமெரிக்க இளைஞருக்கு இந்தப் பழம் கண்ணில் படுகிறது. புளிப்பை இனிப்பாக்கும் பழம், கலோரி கிடையாது, சர்க்கரை நோயாளிகளுக்கு வரப்பிரசாதம் என்று நம்பி மிராலின் என்ற கம்பெனியைத் தொடங்குகிறார். ஜமைக்காவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் தோட்டம் போடுகிறார்கள். பெரிய பெரிய முதலீட்டாளர்கள் பணம் போடுகிறார்கள். பாஸ்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தப் பழச்சத்து பூசிய குச்சி ஐஸையும் சர்க்கரை போட்ட குச்சி ஐஸையும் கொடுத்துப் பார்த்தபோது பழம்தான் ஜெயித்தது. எல்லாம் கூடிவந்து சந்தைக்குப் போகும் நேரத்தில், 1974 செப்டம்பரில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு கடிதம் போடுகிறது: இது உணவில் சேர்க்கும் பொருள், அதற்குரிய பரிசோதனைகள் எல்லாம் முடியாமல் விற்கக் கூடாது. பரிசோதனை என்றால் வருடக்கணக்கு, அதற்கான பணம் கையில் இல்லை. கம்பெனி மூழ்கியது. அதற்குக் கொஞ்சம் முன்புதான் ஹார்வியை இரவில் ஒரு கார் பின்தொடர்ந்திருக்கிறது, அலுவலகத்தில் யாரோ புகுந்து கோப்புகளைக் கலைத்துப்போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் ஹார்வியே பல வருடம் கழித்துச் சொன்னார். தங்களைக் கண்டு பயந்த ஏதோ ஒரு தொழில்துறைதான் காரணம் என்பது அவர் சந்தேகம். யார் என்பது இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை.

படிக்கப் படிக்க ரத்தம் கொதிக்கும் கதை. எனக்கும் கொதித்தது. ஆனால் கொதிப்பு அடங்கிய பிறகு ஒரு கேள்வி வந்தது: அந்தக் கடிதம் வராமல் போயிருந்தால் இன்று சர்க்கரை இருந்த இடத்தில் இந்தப் பழம் இருந்திருக்குமா?

புளித்துப்போன சாப்பாட்டுக்காக

இந்தப் பழத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா, பெனின், நைஜீரியா பக்கம், அது காலங்காலமாக வீட்டுப் பக்கத்திலேயே நின்றது. நைஜீரியாவின் யொரூபா மக்கள் அதை அக்பாயுன் என்கிறார்கள். 1725ல் ஷெவாலியே தெ மார்ஷே என்ற பிரெஞ்சுக்காரர் அங்குள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்பு இந்தப் பழத்தை மென்றதைப் பார்த்துக் குறித்துவைத்தார். 1852ல் டேனியல் என்ற ஆங்கிலேய மருத்துவர் இன்னும் விவரமாக எழுதினார். அவர் சொல்வதில்தான் எனக்கு ஆர்வம். புளிக்கவைத்த மக்காச்சோளமாவை இலையில் கட்டி அவிக்கும் கென்கே நாள்பட்டு அதிகமாகப் புளித்துவிட்டால், அல்லது பனங்கள் கடுத்துப்போனால், அதைத் தொண்டையில் இறக்குவதற்குத்தான் இந்தப் பழம்.

இதை அந்தப் பக்கத்து அடுப்படியில் நின்று யோசித்தால் ரொம்ப நியாயமான காரியம். கென்கே புளிப்பாகத்தான் இருக்கும், அந்தப் புளிப்புக்காகத்தான் அதைச் செய்வதே. அளவு மீறிப் போன அன்றைக்கு, கொட்ட மனசில்லாத அன்றைக்கு, ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிடலாம். அவர்கள் இதை வைத்து இனிப்புப் பலகாரம் செய்ததாக நான் எங்கேயும் படிக்கவில்லை. 1920களில் டேவிட் ஃபேர்சைல்ட் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் கேமரூனில் இதைத் தின்று பார்த்து வியந்து விதையை எடுத்துக்கொண்டு போனார். அங்கிருந்துதான் பழத்தின் வேலை மாறத் தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. சாப்பாட்டை வீணாக்காமல் இருப்பதற்கான ஒரு வழி, கடல் தாண்டியதும் சர்க்கரைக்குப் போட்டியாளர் ஆகிவிட்டது.

வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பழத்தின் சதையில் மிராகுலின் என்ற புரதம் இருக்கிறது. 1968ல் குரிஹாரா, பைட்லர் என்ற இருவர் ஃப்ளோரிடாவில் அதைப் பிரித்தெடுத்தார்கள், அதே வருடம் நெதர்லாந்தில் இன்னொரு குழுவும். 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம், தன்னளவில் இனிப்பே கிடையாது. அது நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளின் மேல் போய் ஒட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். வாயில் அமிலம் பட்டதும் அதன் வடிவம் மாறி அந்த ஏற்பியைத் தட்டி எழுப்பிவிடும், மூளைக்கு 'இனிப்பு' என்று தகவல் போகும். டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் 2011ல் இதைச் செல்களில் சோதித்துக் காட்டினார்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரைக்கும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடவும், இந்தக் கூத்து நடக்கும். அப்புறம் எச்சில் கழுவிக்கொண்டு போய்விடும்.

புளிப்பு எங்கேயும் ஓடிப்போவதில்லை, இனிப்பு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். இதற்கு அழகான ஒரு சாட்சி நம் வேலியிலேயே படர்கிறது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்கில் இனிப்பு தெரியாது, சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் மணலாகத்தான் இருக்கும். மிராகுலின் ஒட்டிய நாக்கில் சிறுகுறிஞ்சானின் சத்தைத் தடவினால் இனிப்பு அணைந்து பழைய புளிப்பு அப்படியே திரும்பிவிடுகிறது. ஆப்பிரிக்கப் பழம் ஏற்றிவைப்பதை நம் ஊர்க் கொடி இறக்கிவைக்கிறது. எனக்கு இந்த ஒரு தகவலே அந்த வாட்ஸ்அப் செய்தி முழுவதையும்விட அதிசயமாகப் படுகிறது.

சித்தப்பாவின் நாக்கு

திருநெல்வேலியில் என் சித்தப்பா இருக்கிறார். சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. அதற்கு முன்பு சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனால் அல்வா வாங்காமல் திரும்ப மாட்டார், வாங்கினால் வீடு வரை அது வராது. சூடாக இலைத்துண்டில் வைத்துக் கொடுப்பார்கள் அல்லவா, அதைக் கடை வாசலிலேயே நின்று முடித்துவிட்டு, விரலில் ஒட்டிய நெய்யைப் பின்மண்டையில் தடவிக்கொண்டு வருவார். எங்கள் குழுவில் அந்தச் செய்தியை மாய்ந்து மாய்ந்து பகிர்வது அவர்தான். நாகர்கோவிலில் இருக்கும் நண்பன் ஒருவன் மொட்டை மாடியில் இந்தச் செடியை வைத்திருக்கிறான். ஒருமுறை அவன் செடியில் பழம் பழுத்திருந்தபோது ஐஸ் போட்ட டப்பாவில் வாங்கிக்கொண்டு நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். பறித்து வெளியே வைத்தால் ஓரிரு நாளில் வீணாகிவிடும் பழம், அதனால் அவசரம்.

பழத்தில் முக்கால்வாசி கொட்டைதான். அதைச் சுற்றி மெல்லிசாக ஒரு வெள்ளைச் சதை. ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, லேசான புளிப்பு. கொட்டையைக் கடித்தால் கசக்கும், அதனால் கடிக்காமல் சதையை மட்டும் நாக்கு முழுக்க உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ மந்திரம் சொல்வதுபோல உருட்டினார். கொட்டையைத் துப்பியதும் எலுமிச்சைத் துண்டை நீட்டினேன். முகத்தைச் சுளிக்கத் தயாராகத்தான் வாங்கினார். கடித்தார். சுளிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஏல, என்னல இது, தேனுல ஊறப்போட்டியா?"

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. தட்டிலிருந்த துண்டுகளையெல்லாம் தோல் வரைக்கும் உறிஞ்சினார். தக்காளியைக் கடித்தார், ஏதோ சீமைப் பழம் என்றார். பிரிட்ஜில் கிடந்த புளித்த மோரைக் குடித்துவிட்டு லஸ்ஸி லஸ்ஸி என்றார். நெல்லிக்காயில் துவர்ப்பு அப்படியே இருந்தது, புளிப்பு இருந்த இடத்தில் மட்டும் இனிப்பு. மாங்காயில் மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டதில் காரம் குறையாமல் ஏறியது, ஏனென்றால் காரத்துக்கும் இந்த ஏற்பிக்கும் சம்பந்தம் இல்லை. சித்தி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், மதியச் சாப்பாட்டில் ரசம் வரும் வரைக்கும். ஒரு வாய் வைத்ததும் சித்தப்பா தட்டைத் தள்ளினார்.

"என்ன வெளயாடுதியா? ரசத்துல வெல்லத்தத் தட்டிட்டியா?"

"ஒங்க நாக்கக் கெடுத்துக்கிட்டு எங்கையிலயா கொற சொல்லுதீய?"

நானும் ஒரு பழம் போட்டிருந்தேன், அந்த ரசத்தை நானும் வாயில் வைத்தேன். உப்பு இருக்கிறது, மிளகு இருக்கிறது, பூண்டு மணக்கிறது, நடுவில் மட்டும் பானகத்தைக் கலக்கிவிட்டது போல ஒரு அசட்டுத் தித்திப்பு. சாம்பாரும் அப்படியே. தயிர்ச்சோறு அதைவிட மோசம். நம் சாப்பாடு புளியின் மேல் எழுப்பிய கட்டடம் என்று தெரியும்தான், ஆனால் அதை உருவி எடுத்தால் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதை அன்றைக்குத்தான் வாயில் உணர்ந்தேன்.

சாப்பாடு முடிந்து, சித்தப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கடைசியாக ஒரு எலுமிச்சைத் துண்டை வாயில் அதக்கிக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இனிக்கத்தாம்ல செய்யுது. இல்லேங்கல. ஆனா இது எலுமிச்சம்பழம்லா. அல்வா எங்க?"

இதை அவர் வருத்தமாகவெல்லாம் சொல்லவில்லை, கடைக்காரன் எடை குறைத்துவிட்டான் என்று புகார் சொல்லும் தொனிதான். ஆனால் எனக்கு அந்த நொடியில் மிராலின் கதை முழுக்க வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது. அன்று இரவு அவருக்கு நெஞ்செரிச்சல் தாங்கவில்லை, அதுவும் எதிர்பார்க்க வேண்டியதுதான். ஏமாந்தது நாக்கு மட்டும்தானே, வயிற்றுக்குப் போனது அத்தனையும் அசல் எலுமிச்சைச் சாறு. பல் எனாமலுக்கும் அதே கதிதான்.

சர்க்கரை பார்க்கும் வேலைகள்

அல்வாவில் சர்க்கரை இனிப்பதற்காக மட்டுமா இருக்கிறது? கோதுமைப் பாலோடு சேர்ந்து கொதித்து அந்த வழவழப்பைக் கொடுப்பது அது. முறுகி அந்தச் செம்பழுப்பு நிறத்தைக் கொடுப்பது அது, அந்த மணத்தில் பாதி அதனுடையது. கெடாமல் சில நாள் தாங்கவைப்பதும் அதுதான். அதிரசத்துக்குப் பாகு ஒரு பதம், கடலைமிட்டாய்க்கு வேறு பதம், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்கும் கைக்கு இனிப்பு ஒரு பொருட்டே இல்லை. மிராகுலின் இதில் ஒன்றையும் செய்யாது. சூடு பட்டால் செத்துவிடும், அடுப்பில் ஏற்றவே முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், அது சாப்பாட்டில் இருக்காது, சாப்பிடுபவர் நாக்கில் இருக்கும். சர்க்கரையை எதில் போடுகிறோமோ அது மட்டும் இனிக்கும். இந்தப் பழத்தைத் தின்றால் அடுத்த ஒரு மணி நேரம் வாயில் படும் புளிப்பெல்லாம் இனிக்கும், ரசமும் சேர்த்து. புளிப்பே இல்லாத பாலில் கொஞ்சம்கூட உதவாது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள், அந்த இலுப்பைப்பூவையாவது மாவோடு பிசையலாம். அதன் இந்தச் சொந்தக்காரப் பழத்தை எதோடும் பிசைய முடியாது.

குச்சி ஐஸ் ஜெயித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. புளிப்பாக இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும், சமைக்க வேண்டாம், தனியாகத் தின்பார்கள். இந்தப் பழத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை அது. குச்சி ஐஸிலிருந்து சர்க்கரைச் சந்தை வரைக்கும் எத்தனை தூரம்!

சதி என்ற பகுதிக்கும் வருகிறேன். காரில் பின்தொடர்ந்தது யார் என்று எனக்குத் தெரியாது, ஹார்வி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் சர்க்கரைக்காரர்கள் நினைத்தால் எதையும் நிறுத்திவிடுவார்கள் என்ற படம் அந்தக் காலத்தோடு பொருந்தவில்லை. 1969ல் சைக்ளமேட் என்ற செயற்கை இனிப்பை அமெரிக்கா தடை செய்தது, புற்றுநோய் பயம். அதற்குப் பிறகு இனிப்பு என்று எது வந்தாலும் அதிகாரிகள் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தார்கள். ஆனாலும் மிராலினுக்கு அந்தக் கடிதம் போன அதே 1974ல், ஜூலை மாதம், அஸ்பர்டேம் என்ற இன்னொரு செயற்கை இனிப்புக்கு அனுமதி கிடைத்தது. ஆட்சேபம் எழுந்து அது நின்றுபோய் 1981ல்தான் கடைக்கு வந்தது, ஆனால் வந்துவிட்டது. மக்காச்சோளச் சர்க்கரைப்பாகு சர்க்கரையைக் கோலா புட்டிகளிலிருந்தே வெளியே தள்ளியது. 1984ல் கோகோ கோலாவும் பெப்சியும் அமெரிக்காவில் முழுசாக அதற்கு மாறின. இவ்வளவு பெரிய எதிரிகளைத் தடுக்க முடியாதவர்கள் ஒரு பழத்தை மட்டும் அமுக்கிவிட்டார்கள் என்றால் எனக்கு இறங்கவில்லை.

இதில் உச்சம் இன்னொன்று. 1852ல் இந்தப் பழத்தைப் பற்றி எழுதினார் என்று சொன்னேனே, அதே டேனியல், அதே மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னொரு இனிப்புப் பழத்தையும் வெளியுலகுக்குச் சொன்னார். கட்டெம்ஃபே என்பது அதன் பெயர், செடியின் தாவரவியல் பெயரிலேயே அவர் பெயர் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த தாமட்டின் என்ற புரதம் எடைக்கு எடை சர்க்கரையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இனிப்பு. இன்றைக்கு ஈ957 என்ற உணவுச் சேர்க்கை எண்ணோடு சூயிங் கம் முதலான பொருள்களில் இருக்கிறது. 1970களில் அதைப் பழத்திலிருந்து எடுத்து வியாபாரமாக்க இறங்கியது டேட் அண்ட் லைல், பிரிட்டனின் பழைய சர்க்கரை கம்பெனி! ஆப்பிரிக்கப் பழத்தில் காசு இருக்கிறது என்று தெரிந்தால் சர்க்கரைக்காரர்களே கூடையோடு வந்து நிற்பார்கள். தாமட்டின் தானே இனிக்கும், பொருளில் கலக்கலாம், டப்பாவில் அடைக்கலாம். மிராகுலினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதற்காக அந்தக் கடிதம் நியாயம் என்று நான் வாதாடவில்லை. சில நூற்றாண்டுகளாக ஒரு ஊரே தின்றுவந்த பழத்தை ஆய்வகத்தில் செய்த ரசாயனத்தோடு ஒரே தட்டில் வைத்து எடைபோட்டது எனக்கு இப்போதும் உறுத்துகிறது. மேற்கு ஆப்பிரிக்கர்களின் அனுபவத்தைச் சாட்சியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் உலர்த்திய பழத்தை உணவுத் துணைப்பொருளாக விற்க 2021ல்தான் அனுமதித்தது, அதாவது தெ மார்ஷே எழுதி முந்நூறு வருடம் ஆகப்போகும் நேரத்தில்.

அப்படியானால் எதற்குத்தான் இது?

கீமோதெரபி எடுப்பவர்கள் பலருக்கு எதைத் தின்றாலும் வாயில் இரும்பு வாசம் அடிக்கும், சாப்பாடே வெறுத்துப்போகும். மயாமியில் சில மருத்துவர்கள் அப்படிப்பட்டவர்களுக்கு இந்தப் பழத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், கொஞ்சம் பேருக்குச் சாப்பாடு இறங்கியது. சின்ன அளவு சோதனைகள்தான், எல்லாருக்கும் பலிப்பதும் இல்லை. மருத்துவரைக் கேட்காமல் யாரும் இறங்க வேண்டாம். ஆனால் இறங்காத சாப்பாட்டை இறக்குவது என்பது இந்தப் பழம் தன் சொந்த ஊரில் பார்த்துவந்த அதே வேலை. ஜப்பானில் இதை மாத்திரையாகவே விற்கிறார்கள், ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் மிராகுலின் சுரக்கும் தக்காளியையே உருவாக்கிவிட்டார்கள். நியூயார்க்கில் ஒரு காலத்தில் ஆளுக்கொரு பழம் கொடுத்து வினிகர் வரைக்கும் குடிக்கவைக்கும் விருந்துகள் நடந்தன. நடத்திவிட்டுப் போகட்டும்.

நாலாவது வரியைப் பகிர்பவர்களுக்கு மட்டும் ஒன்று. இந்தப் பழம் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் என்று நினைத்து மாத்திரையை விட்டுவிடாதீர்கள். எலுமிச்சையில் பெரிதாகச் சர்க்கரை இல்லை, ஆனால் இதைப் போட்டுக்கொண்டு ஆரஞ்சுச் சாற்றைத் தம்ளர் தம்ளராகக் குடித்தால் ஆரஞ்சின் சர்க்கரை முழுக்க உள்ளேதான் போகிறது.

செடி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, நண்பனிடம் கேட்டதைச் சொல்கிறேன். மண் அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும். நம் போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றினால் இலை மஞ்சளடித்துவிடும், அதனால் அவன் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றுகிறான். விதையைக் காயவிட்டால் முளைக்காது, பழம் தின்ற கையோடு ஊன்ற வேண்டும். முளைத்தாலும் ஆமை வேகம், காய்க்க மூன்று நாலு வருடமாவது ஆகும். அப்படி ஒரு பழம் கைக்கு வந்தால் எலுமிச்சையை விடுங்கள், அதை வாயில் உருட்டிவிட்டு முந்தின நாள் மோரைக் குடித்துப் பாருங்கள், அதற்குத்தான் அது சரியாகப் பொருந்துகிறது. அன்றைக்கு ரசம் வைக்க வேண்டாம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.